வண்டி இல்லாத வரிசை

ஆர்லாண்டோ, ஃபுளோரிடா
8 ஜூன் 1998

அன்புள்ள மால்கம்,

'அன்புள்ள' என்பது பழக்கதோஷத்தில் வந்துவிட்டது. அடித்தால் காகிதம் அசிங்கமாகும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.

ஜெம்மா ஜூலை பதினெட்டாம் தேதி மான்செஸ்டரில் வந்து இறங்குவாள். மூன்று வாரம் உன்னோடு இருப்பாள். அவள் திரும்பி வந்ததும், நீ ஹாலிஃபாக்ஸில் இடம் பிடித்து வைத்திருக்கும் பள்ளிக்கூடமா, இல்லை இங்கேயே படிப்பா என்று முடிவு செய்வதாகப் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சில் மாற்றம் இல்லை. முடிவு என்ன ஆகும் என்பது உனக்கும் தெரியும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தயவுசெய்து அவளைக் கிராக்மூர் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போகாதே. அவள் இரண்டு வருஷமாக, பள்ளிவிட்டதும் நான் வேலை பார்க்கும் ஸ்டார்ஹேவன் பூங்காவுக்கு வருகிறவள். கையில் வருடாந்திரப் பாஸ் இருக்கிறது. எட்டு ரோலர் கோஸ்டர், தினம் மூன்று மணிக்கு ஊர்வலம், இரவானால் வாணவேடிக்கை. கீழே ஐஸ்கிரீம் சிந்தினால் நீ குனிந்து பார்ப்பதற்குள் ஒருவர் வந்து துடைத்துவிட்டு, சிரித்துவிட்டும் போவார். கிராக்மூரில் டிக்கெட் கிழிக்கிறவன் நம்மைப் பார்க்கும் பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. நாம் அவன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டிவிட்டது போல ஒரு பார்வை.

குழந்தைக்கு ஏமாற்றமாக இருக்கும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

லொரெய்ன்


ஹாலிஃபாக்ஸ், யார்க்ஷயர்
19 ஜூன் 1998

லொரெய்னுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் எரிச்சல்தான் வந்தது.

போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் பூங்காவின் படஅட்டை ஒன்று அனுப்பியிருந்தாயே, 'பழைய இங்கிலாந்து கிராமம்' என்று? அதை டிப்போவில் காட்டினேன். பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தவன்கூட எழுந்து வந்து பார்த்துச் சிரித்தான். பிளாஸ்டிக்கில் வைக்கோல் கூரை, சுவரில் வர்ணத்தால் தீட்டிய பாசி. இங்கே கிராக்மூர் வாசலிலேயே நானூறு வருஷத்துக் கிராமம் இருக்கிறது. பாசி தானாகவே வளருகிறது, யாரும் டிக்கெட் கேட்பதில்லை.

எங்கள் 'கறுப்பு ஆடு' ரோலர் கோஸ்டர் சின்னதுதான், ஒத்துக்கொள்கிறேன். மரத்தைவிட உயரமாக எதுவும் தெரியக் கூடாது என்று அந்தக் கிராமத்துக்காரர்கள் பதினோரு வருஷம் சண்டை போட்டார்கள். அதனால் மேலே கட்டாமல் கீழே குழி தோண்டிப் பதித்தார்கள். உங்கள் ஊரில் என்றால் மரத்தை வெட்டியிருப்பார்கள், கிராமத்தையும் வெட்டியிருப்பார்கள்.

உங்கள் ஆட்கள் சிரிக்கிறார்கள் என்றால் சிரிக்கச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள். எங்கள் ஆள் சிரித்தால் அவனுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும், பார்க்கக் கண் கோடி வேண்டும்.

கூட்டிக்கொண்டு போகத்தான் போகிறேன்.

மால்கம்


ஆர்லாண்டோ
6 ஜூலை 1998

மால்கம்,

நான் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன் என்பது ஞாபகம் இருக்கிறதா? நாள் முழுக்க மற்றவர்களின் புகார்க் கடிதங்களுக்கு மன்னிப்புக் கேட்டுப் பதில் எழுதுகிறேன். வீட்டுக்கு வந்தால் தபால்பெட்டியில் உன் கடிதம். அங்கே எழுதுகிற பதிலையே உனக்கும் அனுப்பியிருப்பேன்: தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்.

வாதாட எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றைத்தான் கேட்கிறேன். என் வேலை முடிய எட்டு மணி ஆகிறது. அதுவரை அவள் பத்திரமான, சுத்தமான, வெளிச்சமான இடத்தில் இருக்கிறாள். இரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் ஒரு குறை சொன்னதில்லை. புகாரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும், மால்கம்.

மழைக்கோட்டு பெட்டியில் வைத்திருக்கிறேன். மூன்று வாரம் கழித்துச் சளி பிடிக்காத பிள்ளையாக அனுப்பிவை.

லொரெய்ன்


ஹாலிஃபாக்ஸ்
29 ஜூலை 1998

லொரெய்ன்,

சனிக்கிழமை கிராக்மூர் போனோம். நீ சிரிப்பதற்கு வேண்டியதை எல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை. விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை, ஊரோடு பகை வைத்துக்கொண்ட மாதிரி மழை. குழியில் தண்ணீர் ஏறிவிட்டது, 'கறுப்பு ஆடு' ஓடவில்லை. பம்பு வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். எப்போது ஓடும் என்று கேட்டதற்கு அங்கிருந்தவன், "தண்ணி வத்துனா ஓடும்" என்றான். வினிகர் தெளித்த சிப்ஸ் வாங்கினோம், அதில் பாதி மழைத்தண்ணீர்.

அப்போது ஒரு தகரக் கொட்டகைக்கு அடியில் நீளமாக ஒரு வரிசை நிற்பதைப் பார்த்தோம். ஏதோ ஒன்று ஓடுகிறது போல என்று போய்ச் சேர்ந்துகொண்டோம்.

"அப்பா, இது எதுக்கான வரிசை?"

"போகப் போகத் தெரியும்."

"முன்னாடி நிக்கிறவங்கள கேளேன்பா."

"கேட்டா என்ன நெனப்பாங்க? சும்மா நில்லு."

எங்களுக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் வந்து நின்றார்கள். முக்கால் மணி நேரம் வரிசை ஓர் அடிகூட நகரவில்லை. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நான் ஃபிளாஸ்க்கைத் திறந்து இரண்டு பேருக்கும் தேநீர் ஊற்றினேன். அப்போதுதான் அவள் பேச ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொன்னா அம்மாகிட்ட போட்டுக் குடுக்க மாட்டியே?"

"மாட்டேன்."

"எனக்கு ரோலர் கோஸ்டர்னா பயம்பா. இதுவரைக்கும் ஒண்ணுலகூட ஏறுனதில்ல."

"என்னடி சொல்ற? ரெண்டு வருஷமா தினம் போறியே?"

"வரிசையில நிப்பேன். முன்னாடி ஒரு குடும்பம், பின்னாடி ஒரு குடும்பம் இருக்கும்ல. எந்த ஊருன்னு கேப்பாங்க. அவங்களுக்குள்ள சண்டை போட்டுக்குவாங்க, கேக்க நல்லா இருக்கும். சில பேரு சாக்லேட் தருவாங்க. வண்டிகிட்ட வந்ததும் 'எத்தனை பேர்?'னு கேப்பாங்க. ஒருத்தின்னு சொல்லுவேன். அப்புறம் பக்கத்துக் கதவு வழியா வெளிய வந்துருவேன். பயந்தவங்களுக்குன்னே ஒரு கதவு இருக்குப்பா. வந்து, வேற வரிசையில போய் நிப்பேன்."

அவள் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினேன்.

அந்த நேரம் பார்த்து, வரிசையின் முதல் ஆள், தொப்பி போட்ட ஒரு பெரியவர், திரும்பிப் பார்த்தார். "ஏங்க, நான் மழைக்கு ஒதுங்கி நிக்கிறேன். நீங்கல்லாம் எதுக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டார். நாற்பது பேர், லொரெய்ன். ஓர் ஆள் வாயைத் திறந்து கேட்கவில்லை. அதன் பிறகும் உடனே கலைந்து போக வெட்கப்பட்டுக்கொண்டு, ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டபடி இன்னும் பத்து நிமிஷம் அப்படியே நின்றோம்.

ஜெம்மா சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது. "நான் நின்னதுலயே இதான்பா நல்ல வரிசை. கடைசியில வண்டியே இல்ல!"

நீ குழந்தைக்குக் கொடுத்தது பாஸ் இல்லை, பூங்காவையே ஆயாவாக வைத்திருக்கிறாய். சிரிப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஆயா. வக்கீலிடம் இதைச் சொல்லத்தான் போகிறேன்.

மால்கம்


ஆர்லாண்டோ
5 ஆகஸ்டு 1998

மால்கம்,

உன் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தது என் தப்பு. கழிப்பறையில் போய் நிற்க வேண்டியதாகிவிட்டது.

சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொன்னாய். நான்கே நாளில் நான்கு பக்கம் எழுதிவிட்டாய். இதில் வக்கீல் வேறு.

அவளுக்கு ஒன்பது வயது ஆகும் வரை நீயும் அவளும் ஒரே கூரைக்குக் கீழேதானே இருந்தீர்கள்? உயரம் என்றால் அவளுக்குப் பயம் என்று உனக்குத் தெரியுமா? டிப்போவிலிருந்து மூன்று மணிக்கே வந்துவிடுவாய். வந்து டிவியில் குதிரைப் பந்தயம் பார்ப்பாய். நீ அவளோடு ஒரு மணி நேரம் நின்று பேசுவதற்கு யார்க்ஷயர் முழுக்க மழை பெய்து, ஒரு குழி நிரம்பி, நாற்பது பேர் முட்டாளாக வேண்டியிருந்தது. இதில் உனக்கு ஜெயித்துவிட்ட நினைப்பு.

எனக்கும் தெரியாது என்பதை நீ சொல்லிக்காட்ட வேண்டாம். என் அலுவலக ஜன்னலிலிருந்து ஒரு ரோலர் கோஸ்டர் தெரியும். ஒவ்வொரு முறை மேலே போகும்போதும் கூச்சல் கேட்கும். அதில் ஒரு குரல் அவளுடையது என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

லொரெய்ன்


ஹாலிஃபாக்ஸ்
12 ஆகஸ்டு 1998

லொரெய்ன்,

பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று ஃபோனில் சொன்னாய். அதோடு வைத்துவிட்டாய், பரவாயில்லை.

உன் கடிதம் அவள் கிளம்பிய மூன்றாம் நாள் வந்தது. குதிரைப் பந்தயத்தைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். எழுத ஒன்றும் இல்லை, நீ சொன்னது அப்படியேதான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

வக்கீலிடம் போகவில்லை. போகவும் மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் மாத முடிவு வரை அவள் இடத்தை வைத்திருப்பார்கள். ஆனால் நீயும் நானும் பேசி முடிவு செய்ய வேண்டாம். நம் பேச்சு எங்கே போய் முடியும் என்று நமக்கே தெரியும். அவளைக் கேள். வீட்டில் வைத்துக் கேட்காதே, சோபாவில் உட்கார்ந்து கேட்டால் அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். ஒருநாள் லீவு போட்டு, உங்கள் ஊரிலேயே நீளமான வரிசை எதுவோ அதில் அவளோடு போய் நில். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. அங்கேயே இருக்கிறேன் என்று சொன்னாள் என்றால் இருக்கட்டும். பள்ளிக்கூடத்துக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் வரிசையில் ஏசி உண்டு, டிவி உண்டு என்று சொன்னாள். டிவியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

மால்கம்


ஆர்லாண்டோ
30 ஆகஸ்டு 1998

மால்கம்,

விமானம் எத்தனை மணிக்கு என்பதைத் தவிர ஃபோனில் வேறு எதுவும் என்னால் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதம் வரும்போது ஜெம்மா உன் சமையலறையில் உட்கார்ந்து, உன் டோஸ்ட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாள். இதை அவள் கண்ணில் படாமல் வை.

போன சனிக்கிழமை லீவு போட்டேன். எழுபது நிமிஷ வரிசை. குகை மாதிரி கட்டியிருக்கிறார்கள், நடுநடுவே அருவி. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது, ஒரு வரிசைக்குள் போனது அன்றைக்குத்தான். முன்னால் ஓஹாயோவிலிருந்து வந்த ஒரு குடும்பம், தொப்பியை யார் தொலைத்தது என்று சண்டை போட்டுக்கொண்டே வந்தது. ஜெம்மா என் கையைக் கிள்ளி, "கேளும்மா, கேளும்மா" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்து எத்தனை நாள் ஆகிறது என்று தெரியவில்லை.

வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் முகம் மாறிவிட்டது. "நீ ஏறிட்டு வாம்மா. நான் அந்தப் பக்கம் வந்து நிக்கிறேன்."

"நானும் வரேன். எனக்கும் பயம்தான்டி."

"உனக்கா? நீ இங்கதானே வேலை பாக்குற?"

"காகிதத்துலதான் வேலை."

இரண்டு பேரும் அந்தப் பக்கத்துக் கதவு வழியாக வெளியே வந்தோம். வெளியே வெயில். உடனே அடுத்த வரிசையில் போய் நின்றோம். அதிலிருந்தும் வந்துவிட்டோம். மூன்றாவது வரிசையில், அருவியும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் சங்கிலி கட்டிய இடம், அங்கேதான் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உன்மேல கோவம் இல்லம்மா. ஆனா அப்பா மூணு மணிக்கே வந்துருவாரு. நான் கதவைத் தெறந்தா உள்ள ஆள் இருக்கும்."

எட்டு ரோலர் கோஸ்டரும், ஊர்வலமும், வாணவேடிக்கையும் வைத்திருக்கிறோம் என்று உனக்கு எழுதினேனே, அதற்கு இதுதான் பதில். எனக்கு உன்மேல் பொறாமையாக இருக்கிறது, மால்கம். உன்மேல் எனக்குப் பொறாமை வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

இனிமேல் சொல்வதைக் கவனமாகக் கேள். மூன்று மணிக்கு வீட்டில் இரு. டிவியை அணைத்து வை. மழைக்கோட்டு அவளுக்குச் சின்னதாகிவிட்டது, புதிது வாங்கு. கிறிஸ்துமஸுக்கு நான் அங்கே வருகிறேன். கிராக்மூர் குளிர்காலத்தில் மூடியிருக்கும் என்று தெரியும். இருந்தாலும் அந்தத் தகரக் கொட்டகையை நான் பார்க்க வேண்டும்.

அன்புள்ள என்று இந்த முறையும் ஆரம்பத்தில் எழுதவில்லை. முடிவில் எழுதுகிறேன்.

அன்புடன்,
லொரெய்ன்

பி.கு. விமான நிலையத்தில் வைத்து அவள் தன் பாஸை என் கையில் திணித்தாள். "இன்னும் ஏழு மாசம் இருக்கும்மா, வீணாக்காத" என்றாள். அதில் இருப்பது அவள் படம், எனக்கு அது செல்லாது என்று சொல்ல மனம் வரவில்லை. நேற்று வேலை முடிந்ததும் அதைப் பையில் வைத்துக்கொண்டு போய் அந்தக் குகை வரிசையில் நின்றேன். என்னிடம் யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அங்கிருந்த பையன் நன்றாகச் சிரித்துக்கொண்டே, "எத்தனை பேர்?" என்று கேட்டான். ஜெம்மா இரண்டு வருஷமாகத் தினமும் பதில் சொன்ன கேள்வி. 'ஒருத்தி' என்று எனக்கு ஒருமுறைகூடச் சொல்ல வாய் வரவில்லை. அந்தக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன்.