நான் போகாத ஆட்டங்கள்

14 ஆகஸ்ட்
பல் பிடுங்கியதால் மைதானத்துக்குப் போகவில்லை. முப்பத்தோரு வருடத்தில் சொந்த மைதானத்தில் நான் தவறவிட்ட முதல் ஆட்டம். ஏழு வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்த எங்கள் அதலாயா கால்பந்துக் குழு இன்று மூன்று கோல் போட்டு ஜெயித்துவிட்டது. வீங்கிய கன்னத்தோடு ரேடியோ முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

17 ஆகஸ்ட்
மச்சினர் எல்பியோ வந்தார். இரண்டு சுற்று மாத்தே இலைத் தேநீர் குடிக்கும்வரை வெயிலையும் காற்றையும் பற்றியே பேசினார். பிறகு, "பல்லு இன்னும் வலிக்குதா, அண்ணி?"
"இல்லையே."
"அடுத்த ஆட்டத்தன்னிக்கும் கொஞ்சம் வலிக்கட்டுமே."
புரிந்துவிட்டது. மைதானத்தில் எங்களோடு மூன்றாம் படியில் உட்காரும் கூட்டம் பேசி முடிவெடுத்திருக்கிறது. ஜெயித்த அன்று எது எப்படி இருந்ததோ, தோற்கும்வரை அப்படியே இருக்க வேண்டும். போன வருடம் தபால்காரர் ரூபென் பதினோரு ஆட்டத்துக்கு ஒரே சட்டையைத் துவைக்காமல் போட்டார். துவைக்கக்கூடாது என்று அவர் மனைவியிடம் சண்டை போட்டவள் நான்தான்.
"நான் வீட்ல இருந்தா கோல் விழுமா?"
"விழுந்துச்சே, அண்ணி. மூணு."


28 ஆகஸ்ட்
ஜெயித்தோம். வீட்டில்தான் இருந்தேன்.

18 செப்டம்பர்
மறுபடி வெற்றி. மைதானம் இரண்டு தெரு தள்ளித்தான். கூச்சல் முதலில் சன்னல் வழியே வருகிறது. ரேடியோக்காரர் "கோல்" என்று இழுத்து முடிப்பது அப்புறம்.

குழு முதல் பிரிவுக்கு ஏறிய வருடம் அந்த மூன்றாம் படிக்குப் பலகை அடித்தவர்களில் என் வீட்டுக்காரர் வால்டெமாரும் ஒருவர். தலைநகர் மொன்டெவிடியோவின் பெரிய குழு ஒன்று முதல்முறையாக எங்கள் மைதானத்துக்கு வந்த அன்று நல்ல மழை. தன் கோட்டை என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, "பாத்தியா நெல்லி, மேல வந்துட்டோம்" என்று காதில் கத்தினார். ஒன்றுக்கு நாலு என்று தோற்றோம். அதைவிட நல்ல ஞாயிறு எனக்கு வாய்க்கவில்லை.

அவர் போய் ஆறு வருடம். பக்கத்தில் இருக்கிறார் என்று தோன்றுகிற ஒரே இடம் அந்தப் படிதான். இதை எல்பியோவிடம் எப்படிச் சொல்வேன்? நான் போய், குழு இரண்டாம் பிரிவுக்கு இறங்கினால் பழி என் தலையில். நான் போகாமல் அது தப்பித்தால் என் இடம் போச்சு.

9 அக்டோபர்
சமன். இனி வரலாமா என்று கேட்டேன். "தோக்கலையே, அண்ணி" என்கிறார் எல்பியோ.

27 நவம்பர்
கடைசி ஆட்டம். சமன் செய்தால் போதும், இரண்டு வருடப் புள்ளிகளின் சராசரியில் இறங்காமல் தப்பித்துவிடுவோம். எழுபதாவது நிமிடம் 0-2.

ரேடியோவை அணைத்தேன். போதும்டா சாமி. இறங்கத்தான் போறோம்னா நான் பாக்காம எப்படி இறங்குவீங்க? இடுப்பில் கட்டிய சமையல் துணியைக்கூட அவிழ்க்காமல் நடந்தேன். கடைசி நேரம் என்பதால் கதவைத் திறந்து விட்டிருந்தார்கள். மூன்றாம் படியில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இடத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் எங்கள் கோல்.
"அசையாதீங்க, அண்ணி."
அசையவில்லை. இன்னொரு கோல் வரவில்லை. முப்பத்தோரு வருடம் கழித்து இறங்கிவிட்டோம்.
எல்பியோ முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "மூணு மாசம் உங்கள வீட்ல உக்கார வச்சிட்டேனே."
"நானும்தான் நம்பினேன்" என்றேன். உண்மை அதுதான்.

8 ஏப்ரல்
இரண்டாம் பிரிவில் முதல் ஆட்டம். எல்பியோவே வாசலுக்கு வந்து அழைத்துப் போனார். பாதிப் படிகள் காலி. 2-0 ஜெயித்தோம்.

இனி காய்ச்சல் வந்தாலும் நான் போயாக வேண்டுமாம். இதே நீலக் கம்பளிச் சட்டை, இதே இடம். சாகக்கூடாது என்று மட்டும்தான் சொல்லவில்லை. வழக்கம்போல என் இடப்பக்கம் வால்டெமாருக்குக் கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். அங்கேயும் யாரும் உட்காரக்கூடாது என்று ரூபென் எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.