குனிந்து நிமிரும் வண்டி

ஏனுங்க,

இன்று காலை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தபோது உங்கள் புல்லட் முன்பக்கமாகக் குனிந்தது. காற்று இல்லை, யாரும் தொடவில்லை. பக்க ஸ்டாண்டில் சாய்ந்து நின்ற வண்டி, யாரோ ஹேண்டிலில் கையூன்றி ஏறி உட்கார்ந்ததுபோல மெதுவாக அமுங்கியது. முன் ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் நகரும் அந்த 'உஸ்' சத்தமும் கேட்டது. வாளியோடு அப்படியே நின்றேன். சற்று நேரத்தில் வண்டி நிமிர்ந்துகொண்டது. பிறகு பால்காரர் வந்தார், பொழுது வழக்கம்போல விடிந்தது.

இப்படி ஒன்றை முன்பு என்னோடு நின்று பார்த்தவர் நீங்கள். வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

லாரி மோதி முறிந்த உங்கள் இடது கால், எலும்பு கூடியபோது குட்டையாகிவிட்டிருந்தது. வண்டியை நிறுத்தினால் பாதம் தரையில் பாவவில்லை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு நகைக்கடை வாசலில், அத்தனை பேர் பார்க்க, வண்டியோடு சாய்ந்தீர்கள். பின்னால் இருந்த நானும் விழுந்தேன். அடிபட்டதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. தூக்கிவிட வந்தவர்களின் முகத்தைப் பார்க்காமல் நீங்கள் நின்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. டாக்டர் ஸ்கூட்டர் வாங்கிக்கொள்ளச் சொன்னார். "ஸ்கூட்டர்ல வால்பாறைக்குப் போறதுக்கு ஊட்டுலயே உக்காந்துக்கறேன் அம்மணி" என்றீர்கள். லீவு கிடைத்தால் பெட்டி கட்டி மலையேறிவிடுகிற மனுஷன், மாதக்கணக்கில் ஓடாத வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

வண்டியையே தாழ்த்திவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். கோட்டைமேட்டு மெக்கானிக் பாயிடம் போனோம்.

"பின்னாடி குட்டை ஷாக் மாட்டிரலாங்க. முன்னாடிதான் யோசிக்கோணும்" என்றார் பாய். "பின்னாடி மட்டும் தாழ்த்துனா முன்சக்கரம் லேசாயிருமுங்க. ஹேண்டில் அலையும்."

ஸ்பிரிங்கை அறுத்துப் போட்டால், மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது இரும்போடு இரும்பு இடிக்கும். ஷாக் குழாயைக் கிளாம்பில் மேலே ஏற்றிக் கட்டினால், பள்ளத்தில் இறங்கும்போது மட்கார்டு முட்டும். வண்டியைத் தாழ்த்தவென்றே செய்த முன் ஷாக் செட் ஒன்று மேட்டுப்பாளையத்தில் இருப்பதாகப் பாய் சொன்னார். உங்களைப்போல் குள்ளமான ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து மாட்டியது. அவர் இப்போது இல்லை, அவர் சம்சாரத்தைக் கேட்டுப் பாருங்கள் என்றார்.

பஸ்ஸில் போனோம். பாக்கு மண்டிக்குப் பின்னால் இருந்தது வீடு. அந்தம்மாவுக்கு என் வயதுதான் இருக்கும். நாங்கள் வந்த காரியத்தைச் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் ஷெட்டைத் திறந்துவிட்டார்.

"கழட்டி எடுத்துக்கங்க. ஒண்ணு மட்டும் சொல்லிப்போடறனுங்க. அவரு போனதுக்கப்பறம் வண்டி அப்பப்ப குனியுதுங்க."

"எண்ணெய் ஒழுகுமுங்க. சீல் போயிருக்கும்" என்றபடி நீங்கள் குனிந்து, குழாயை விரலால் தடவிப் பார்த்தீர்கள். விரலில் தூசிதான் ஒட்டியது. நீங்கள் கையை எடுத்து நிமிர்ந்த பிறகுதான் அது நடந்தது. எங்கள் மூவர் கண்ணெதிரே, பட்டப்பகலில், அந்த வண்டியின் முன்பக்கம் ஒரு மூச்சு விட்டதுபோல இறங்கி, அப்படியே நின்றது. ஷெட்டில் பாக்கு வாசனை திணறடித்தது. நான் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அது தானாக எழுந்தது.

"பயமா இல்லைங்களா?" என்று கேட்டேன்.

"அவரு வந்து உக்கார்றப்ப பயமில்லைங்க" என்றார் அந்தம்மா. "எறங்கிப் போறப்பதானுங்க தாங்க முடியறதில்ல. அதுக்குத்தான் எடுத்துட்டுப் போயிருங்கங்கறேன்." சொல்லிவிட்டு, வண்டியின் சீட்டில் இருந்த தூசியை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தார்.

நீங்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். "இந்த அளவு எங்க வண்டிக்குச் சேராதுங்க" என்றீர்கள். சேரும் என்று எனக்கும் தெரியும். அந்தம்மா தலையாட்டிவிட்டு, ஷெட்டைச் சாத்தாமலே எங்களுக்குக் காபி போடப் போனார்.

திரும்பும் பஸ்ஸில், காரமடை தாண்டும்போது சொன்னீர்கள். "மனசு தாங்காம குடுக்கறவங்ககிட்ட எதையும் வாங்கப்படாது அம்மணி." குனிந்த வண்டியைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு பாய், கணபதி பக்கம் ஒரு பட்டறையில் சொல்லி, குட்டை ஸ்பிரிங்குகளைப் புதிதாகச் சுற்றி வாங்கினார். முதல் ஜோடி மெத்தென்று போனது. அடுத்தது கல்லாக இருந்தது. அதற்கடுத்ததுதான் சரியாக அமைந்தது. அதுவரை பொறுக்காமல் ஊருக்குள் ஓட்டினீர்களே, அப்போதெல்லாம் தாங்கியது என் கால். உங்களைவிட நான் உயரம் என்று நம் கல்யாணத்தில் பேசாதவர் இல்லை. சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்கார்ந்து, வண்டி நிற்கிற இடத்திலெல்லாம் இடது காலை ஊன்றுவேன். வண்டியும் நீங்களும் என் தொடையில் சாய்வீர்கள்.

அந்த ஸ்பிரிங்குகளை மாட்டியதும் வால்பாறைக்குக் கிளம்பினோம். ஆனைமலை பிரிவில் நிறுத்தியபோது உங்கள் பாதம் முழுதாகத் தரையில் பதிந்தது. அதைக் குனிந்து பார்த்துச் சிரித்தீர்கள். "இனி நீ ஊன வேண்டாங் கண்ணு, கால மேல வெய்யி" என்றீர்கள். வைத்தேன். அடுத்த நிறுத்தத்தில் என் கால் மறுபடி இறங்கியிருந்தது. அப்புறம் நீங்கள் சொல்வதை விட்டுவிட்டீர்கள். அதன் பிறகு எத்தனையோ மலை ஏறினோம். உங்களை எடுத்துக்கொண்டது ரோடு இல்லை, ஒரு சாதாரணக் காய்ச்சல்.

இன்று மத்தியானம் காந்திபுரத்திலிருந்து ஆட்டோவில் வந்தேன். சிக்னலில் ஆட்டோ நின்றதும் என் இடது கால் வெளியே இறங்கித் தார் ரோட்டில் ஊன்றிக்கொண்டது. "காலை உள்ள வெய்ங்க அக்கா, பஸ் வருது" என்றார் டிரைவர். என்னால் உடனே எடுக்க முடியவில்லை. தொடையில் பாரம் வந்து சாய்ந்திருந்தது. பச்சை விழும்வரை தாங்கிக்கொண்டிருந்தேன்.