சோழவரத்துக்குப் போன ஃபியட்

தியாகராய நகர்,
சென்னை-17.
4-12-1972

அன்புள்ள அத்தானுக்கு முத்துலட்சுமி வணக்கமாய் எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழந்தை சொர்ணமும் நலம். சிங்கப்பூரில் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது. ஆடி மாதத்துக்குப் பிறகு எனக்கு உங்களிடமிருந்து கடிதம் இல்லை.

அண்ணாச்சிக்கு வந்திருக்கிறது. போன வியாழக்கிழமை ஒரு தரகர் நம் வாசலில் வந்து நின்று, கொட்டகையில் இருக்கும் ஃபியட்டைப் பார்க்க வேண்டும் என்றார். யார் அனுப்பியது என்று கேட்டேன். ஜவுளிக்கடை கருணாகரன் அண்ணாச்சி என்றார். மத்தியானம் கடைக்குப் போய்ச் சேலைப் பிரிவில் உட்காரும் முன் நேரே உங்கள் அண்ணாச்சியிடம் கேட்டேன். வண்டியை விற்றுவிடச் சொல்லி நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய காகிதத்தைக் காட்டினார்கள். கையெழுத்து உங்களுடையதுதான். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், வேலையாட்கள் எல்லாரும் கேட்கும்படி, "நாலு வருசமா நின்ன வண்டி தெருமுனை வரைக்கும் போவுமா? நீ என்ன, ஓட்டவா போற?" என்றார்கள். ஆமாம், ஓட்டத்தான் போகிறேன் என்றேன்.

அது கோபத்தில் வந்த பேச்சு இல்லை. போன பங்குனியிலேயே அடையாற்றில் ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். உங்களுக்குச் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்று எழுதியிருப்பீர்கள். 67-ல் பாலவாக்கம் சாலையில் நான்கு நாள் எனக்கு ஸ்டீரிங் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஐந்தாம் நாள், அண்ணாச்சி ஏதோ சொன்னார்கள் என்று நிறுத்திவிட்டீர்கள். மீதியை நானே கற்றுக்கொண்டேன்.

வண்டியின் பதிவுப் புத்தகம் என் பீரோவில் இருக்கிறது. அதை யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் சோழவரத்தில், அந்தப் பழைய விமான ஓடுபாதையில், வழக்கம்போல் கார் பந்தயம் நடக்கப்போகிறது. இந்தத் தடவை பத்து வருடத்துக்கு மேலான சாதாரண வண்டிகளுக்கென்று ஓர் ஓட்டம் வைத்திருக்கிறார்கள். பத்துச் சுற்று. பெண்களும் ஓட்டலாமாம். 68-ல் இதே வண்டியை நீங்கள் அங்கே ஓட்டியபோது நானும் சொர்ணமும் மூங்கில் தடுப்புக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்று பார்த்தோம். இந்த முறை உள்ளே போகலாம் என்றிருக்கிறேன்.

வண்டியை விற்பதென்றால் இனி அது உங்களுக்குத் தேவைப்படாது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் அதை எனக்கு நேராக எழுதுங்கள். அதுவரை வண்டி விற்பனைக்கு இல்லை.

உங்கள் அன்பு மனைவி,
முத்துலட்சுமி

*

தியாகராய நகர்,
22-1-1973

அன்புள்ள அத்தானுக்கு,

நலம். பொங்கல் கழிந்தது. சொர்ணம் உங்களுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாளே, கிடைத்ததா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. ஆனால் அது கிடைத்துவிட்டது என்று தெரியும். "அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று அண்ணாச்சிக்கு எழுதியிருக்கிறீர்களாம். அவர்களும் சொன்னார்கள். கேட்டுக்கொண்டேன்.

மந்தைவெளியில் பட்டறை வைத்திருக்கும் மெஹபூப் பாஷா பாயிடம் வண்டியைக் கொடுத்தேன். கொட்டகையிலிருந்து கயிறு கட்டித்தான் இழுத்துப் போனோம். எலி ஒயர்களைத் தின்றிருந்தது. பெட்ரோல் டாங்கில் துரு. டயர்கள் நாலும் வெடித்துக் கிடந்தன. பிரேக்கைத் திறந்து பார்த்தவர், உள்ளேயிருந்த ரப்பரைப் பிய்த்து என் உள்ளங்கையில் போட்டார். கருகிய அப்பளம் மாதிரி நொறுங்கியது. பந்தயம் என்றதும் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "ஸ்பீடு அப்பால பாத்துக்கலாம்மா. மொதல்ல வண்டி நிக்கணும். நிக்காத வண்டிய ஓட்டிகினு போயி இன்னா பண்ணப்போற?" என்றார்.

டயரும் ஒயரும் டாங்கும் மாற்றிய பிறகு ஒரு மாதம் பிரேக்கும் ரேடியேட்டரும்தான் வேலை. இன்ஜினைக் கழுவி எண்ணெய் மாற்றியதோடு சரி. பின்சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் போட்டுவிட்டோம், எடை குறையுமாம். இப்போது சொர்ணம் அதில் உட்கார்ந்துதான் பாடம் படிக்கிறாள். சக்கர மூடிகளை எடுத்தாயிற்று. பேட்டரியை இரும்புப் பட்டை போட்டு இறுக்கினோம். விளக்குக் கண்ணாடி உடைந்தாலும் சிதறாமலிருக்க அதன்மேல் குறுக்கே ஒட்டுப்பட்டை ஒட்டினேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட எனக்கே தெரியும் இப்போது. நகத்துக்குள் கறுப்பு போகவில்லை. கடையில் பட்டுச் சேலையைப் பிரித்துக் காட்டும்போது மட்டும் விரல்களை மடக்கிக்கொள்கிறேன்.

விடிந்ததும் பாலவாக்கம் பக்கம் போய் ஓட்டிப் பழகுகிறேன். சவுக்குத் தோப்பு தாண்டினால் சாலை காலியாக இருக்கும். பாய் பக்கத்தில் உட்கார்ந்து வருவார். முதல் நாள் கதவுப் பிடியை விடவேயில்லை. இப்போது பீடி பற்றவைக்கிறார். பிரேக் கை கொடுக்காவிட்டால் பெடலைப் படபடவென்று அமுக்கி, கியரைக் குறைத்து வண்டியை அடக்க வேண்டுமாம். அதையே முப்பது தடவை செய்ய வைத்தார்.

பந்தய விண்ணப்பத்தில், பெண்ணாக இருந்தால் கணவரோ தகப்பனாரோ சம்மதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை அடித்துவிட்டு, "எனக்கு முப்பத்தாறு வயது" என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கியவர் படித்துவிட்டு என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு முத்திரை குத்திவிட்டார்.

சரக்கு வாங்க அங்கே வந்து போகும் நம் ஊர்க்காரர் சின்னப்பையன் பொங்கலுக்கு மறுநாள் வீட்டுக்கு வந்தார். உங்களைப் பார்த்ததாகச் சொன்னார். சதை போட்டிருக்கிறீர்களாம். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டீர்களாம், மீன்குழம்பு நன்றாக இருந்ததாம். அதற்கு மேல் அவர் சொல்லத் தயங்கினார். நானும் கேட்கவில்லை. உங்களுக்குச் சமைக்கத் தெரியாது என்று எனக்குத் தெரியும்.

பந்தயம் பிப்ரவரி பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

முத்துலட்சுமி

*

தியாகராய நகர்,
13-2-1973

அத்தானுக்கு,

போனேன். ஓட்டினேன். திரும்பி வந்தேன். அண்ணாச்சி வேறு மாதிரி எழுதியிருப்பார்கள். நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

ஞாயிறு காலை வண்டியை வெளியே எடுத்தபோது அண்ணாச்சி வாசலில் நின்றார்கள். நான் தையல்காரரிடம் சொல்லித் தைத்த காக்கி முழு உடுப்பைப் போட்டிருந்தேன். வண்டி ஓட்டுவதைவிட அதுதான் பெரிய குற்றமாகப் பட்டிருக்கும். தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள். வண்டிக்கு முன்னால் வந்து நின்று, "எறங்கு. இது எந்தம்பி வண்டி. நாலு பேரு சிரிப்பாவ" என்றார்கள்.

பதினைந்து வருடத்தில் அவர்கள் முகத்தைப் பார்த்து நான் பேசியதில்லை. அன்று பார்த்தேன். "உங்க தம்பி வந்து கேக்கட்டும் அண்ணாச்சி, எறங்குதேன்" என்றேன்.

அவர்கள் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். சின்னப்பையன் என்னிடம் சொல்லத் தயங்கியது அவர்களுக்கு முன்பே தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பிறகு விலகிக்கொண்டார்கள்.

சோழவரத்தில் பதினான்கு வண்டிகள். என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். கொடி இறங்கியதும் எனக்கு முன்னால் ஒரே புகை. முதல் இரண்டு சுற்றும் பயந்துதான் ஓட்டினேன். மூன்றாவதில் ஒரு மோரிஸைத் தாண்டினேன். அதன்பின் பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. நேர்ப்பாதையில் அந்த வண்டி போன வேகத்தை நீங்கள் ஓட்டும்போது நான் பார்த்ததில்லை. இதை உங்களுக்குச் சொல்ல எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

ஏழாவது சுற்றில், நேர்ப்பாதை முடிந்து திரும்பும் இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் தரைக்குப் போய்விட்டது. சூட்டில் உள்ளே இருந்த எண்ணெய் கொதித்துவிட்டதாம், பாய் பிறகு சொன்னார். படபடவென்று அமுக்கினேன், கியரைக் குறைத்தேன். வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், வைக்கோல் கட்டு ஒன்றை இடித்து, புல்லில் நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. தூசியில் ஒன்றும் தெரியவில்லை. என் கைகால்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டேன். சொர்ணத்தை நினைத்தேன். உங்களையும் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன்.

கொடிக்காரர் ஓடிவந்து, "போதும்மா, வெளிய வந்துடுங்க" என்றார். வண்டியில் தீயோ ஒழுக்கோ இருக்கிறதா என்று கேட்டேன். குனிந்து பார்த்து, இல்லை என்றார். பெடலை மறுபடி மிதித்துப் பார்த்தேன், கொஞ்சம் பிடித்தது. ஸ்டார்ட்டரைப் போட்டேன். மூன்றாம் தடவை உறுமியது. மீதிச் சுற்றுகளை முடிந்தவரை கியரிலேயே அடக்கி, மெதுவாக ஓட்டி முடித்தேன். நான்கு வண்டிகள் ரேடியேட்டர் கொதித்து நடுவிலேயே நின்றுவிட்டன. முடித்த பத்துப் பேரில் நான் கடைசி.

பாய் சக்கரத்தைத் தொட்டுக் கையை உதறிக்கொண்டார். எனக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். சொர்ணம் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவள் அழுதிருந்தாள். ஆனால் "ஏம்மா போன?" என்று கேட்கவில்லை. "அடுத்த வருசமும் போவோமா?" என்றுதான் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை, இனி கடைப் பக்கம் வர வேண்டாம் என்று அண்ணாச்சி ஆள் அனுப்பியிருந்தார்கள். மத்தியானம் அந்த ஃபியட்டிலேயே கடை வாசலில் போய் இறங்கினேன். முன்பக்கம் நசுங்கித்தான் இருந்தது. உள்ளே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் போகும்போது அண்ணாச்சி, பிரேக்கைச் சரி செய்யாமல் மறுபடி எடுக்காதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இத்துடன் ஒரு படிவம் வைத்திருக்கிறேன். வண்டியை என் பெயருக்கு மாற்றுவதற்கானது. நான் நிரப்ப வேண்டியதை நிரப்பிவிட்டேன். அண்ணாச்சிக்குப் போட்ட கையெழுத்தை எனக்கும் போட்டு அனுப்புங்கள். இதைக் கெஞ்சிக் கேட்கவில்லை.

கேட்பது வேறொன்று. பங்குனியில் சொர்ணத்துக்குப் பன்னிரண்டு வயது முடிகிறது. அவளுக்கு உங்கள் கையால் ஒரு கடிதம் எழுதுங்கள், அண்ணாச்சி மூலமாக இல்லாமல், அவள் பெயருக்கே. என்ன எழுதுவதென்று தெரியாவிட்டால் அங்கே மழை பெய்கிறதா என்று எழுதுங்கள், போதும். தபால்காரர் மணியடிக்கும்போது நான் ஓடுவதை நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் நிறுத்தவில்லை.

நீங்கள் எங்கே இருந்தாலும், யாரோடு இருந்தாலும், உடம்பு நோகாமல் நன்றாக இருக்க வேண்டும்.

முத்துலட்சுமி