சால்வையில் வந்த புல் விதை

தாகேதா ஊரில் நம் வீட்டிலிருக்கும் அன்புள்ள அம்மாவுக்கு, ராதாமணி வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நலமே.

இங்கே அண்டார்டிகாவில் வந்திறங்குவோரின் பையிலும் பூட்ஸிலும் வெளியூர் விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கிறேன். அப்படி வந்து முளைத்துவிட்ட புல்லைப் பிடுங்குகிறேன். பிடுங்கிய இடத்திலேயே மறுபடி முளைப்பதைப் பார்த்தால் வெறுத்துப் போகிறது.

நேற்று நீங்கள் பின்னிய சால்வை வந்தது. ஓடைக்கரையில் காயப்போட்டீர்களா? கம்பளி முழுக்கப் புல் விதை. முகாம் தலைவர், “அம்மா பின்னினது, சுத்தம் பண்ணி வெச்சுக்கோ” என்றார். “விதைக்காக மத்தவங்ககிட்ட அவ்வளவு சண்டை போட்டுட்டு நான் மட்டும் வெச்சுக்கவா?” என்று கத்திவிட்டு, நானே உறையிலிட்டு ஒட்டி, உங்களுக்கே திரும்பி வரத் தபாலில் சேர்த்துவிட்டேன். கோபிக்காதீர்கள்.

இனித் துணி வேண்டாம். மோஹிங்கா மீன் குழம்பு கொதிக்கும்போது பக்கத்தில் நின்று பேசி, போனில் பதிவு செய்து அனுப்புங்கள். நீளமாகவே பேசுங்கள். தபால் கப்பல் கிளம்புகிறது.

ராதாமணி