மூன்றரை மணித் தகரம்

ஏட்டு,

என் வலது கை விரல்களில் துரு வாடை அடிக்கிறது. சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியும் போகவில்லை. காலையில் பால் வாங்கப் போனபோது, எங்கள் ஆதம்பாக்கம் தெருவின் முனையில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டிய பள்ளத்தைச் சுற்றி அடித்திருக்கும் தகரத்தின் அருகில் நின்றேன். தகரத்தைச் சவுக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் முறுக்கியிருந்தார்கள். ஓய்வுபெற்ற எஞ்சினியரால் இதையெல்லாம் தொட்டுப் பார்க்காமல் போக முடியுமா? முறுக்கை நெருடிப் பார்த்தேன். இரண்டே சுற்று. நீங்களாக இருந்தால் அரை நிமிஷத்தில் கழற்றியிருப்பீர்கள்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகிறது. உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். உங்களைப் பற்றி எழுதிய கடிதம் ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நாம் சந்தித்தோம். எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. உங்களுக்கும் ஏறக்குறைய அதேதான். நான் தி.நகரில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இருந்தேன். சாலை வேலை நடக்கும் இடங்களில் வண்டிகள் எப்படிப் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று வரைந்து கொடுப்பது என் வேலை. மந்தைவெளிப் பக்கம் ஒரு சாலையை அகலப்படுத்தி, அடியில் பெரிய கால்வாய் கட்டும் வேலை வந்தது. சாலையின் ஒரு பாதியைத் தோண்டி, மறுபாதியில் போக்குவரத்தை விடுவதாகத் திட்டம். வெள்ளையும் சிவப்புமாகப் பெயிண்ட் அடித்த காலித் தார் டிரம்களை எங்கே வைப்பது, 'மாற்றுப் பாதை' பலகையை எவ்வளவு முன்னால் நடுவது, கொடி பிடிக்கும் ஆள் எங்கே நிற்பது எல்லாம் என் வரைபடத்தில் மூன்று வண்ண மையில் இருந்தது. அந்த வரைபடத்தைப் பார்த்து நானே சொக்கிப்போயிருந்தேன் என்பதை இப்போது மறைப்பானேன்?

தோண்டிய பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. எதிர்ப்பக்கத்தில் பஸ் நிறுத்தம். நடுவே பள்ளம், பள்ளத்தை ஒட்டி ஆள் உயரத் தகரம், தகரத்துக்கு அப்பால் ஓடும் பஸ்கள். பள்ளியிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போக வேண்டுமானால், தெற்குக் கோடி வரை நடந்து, நான் குறித்துக் கொடுத்த இடத்தில் சாலையைக் கடந்து, மறுபடி அவ்வளவு தூரம் திரும்பி நடந்து வர வேண்டும். காகிதத்தில் அது ஒரு விரற்கடைத் தூரம்தான்.

அந்தச் சாலைச் சந்திப்பில் நீங்கள் போக்குவரத்து ஏட்டு. பள்ளி திறந்த ஜூன் மாதம் ஒருநாள் மாலை நான் வேலையைப் பார்வையிட வந்தேன். பள்ளிக்கு நேர் எதிரே ஒரு தகரம் கழன்று சாய்ந்திருந்தது. பள்ளத்தின் மேல் இரண்டு சாரப் பலகைகள். அதன் வழியாகப் பச்சைத் தாவணிப் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் சாலை நடுவில் நின்று ஒரு பஸ்ஸை நிறுத்தி வைத்திருந்தீர்கள்.

"யார் இதைக் கழட்டினது?"

"நான்தான் சார்."

"இது உள்ளே லாரி ரிவர்ஸ் எடுக்கிற இடம். யாரும் வரக் கூடாதுன்னு பிளான்ல இருக்கு."

"பிளான்ல கீது சார். கொயந்தைங்களுக்கு அது தெரியாதே. மூணரைக்கு பெல் அட்ச்சா, எதிர்ல பஸ்ஸு நிக்கறது கண்ணுக்கு தெரிது. அத்த உட்டுட்டு அந்தக் கோடிக்கு எவ சார் போவா?"

"மூணு நாள் ஆள் வெச்சு எண்ணித்தான் பிளான் போட்டிருக்கோம். கடக்கிறவங்க ரொம்பக் கம்மி."

"எப்ப எண்ணாங்க?"

நீங்களே சொன்னீர்கள்.

"மே மாசம். நான்தான் பாத்தேனே. டீக்கடையாண்ட குடைய புட்ச்சிக்கினு ரெண்டு பேரு கோடு கோடா போட்டுக்கினு இருந்தானுங்க. அப்ப ஸ்கூலு லீவு சார்."

உண்மைதான். பஸ், லாரி, கார், ஆட்டோ, சைக்கிள், நடப்பவர் என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்தார்கள். நாலு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. ஒரு கோடுகூடத் தவறில்லை. மாதம்தான் தவறு. வேலையை விரைவாகத் தொடங்க வேண்டும் என்ற அவசரத்தில் கோடை விடுமுறையில் எண்ணிவிட்டு, அதை வருஷம் முழுவதற்குமான உண்மையாக எடுத்துக்கொண்டேன். நீங்கள் சொன்ன நிமிஷமே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததால்தான் அவ்வளவு கோபம் வந்தது.

அன்று முதல் நமக்குள் ஒரு சண்டை தொடங்கியது. காலையில் என் உத்தரவின்படி மேஸ்திரி தகரத்தை இறுக்கிக் கட்டுவார். மாலை மூன்றரைக்கு நீங்கள் கழற்றுவீர்கள். நாலே காலுக்கு நீங்களே திரும்ப நிமிர்த்தி வைத்துவிட்டுப் போவீர்கள், ஆனால் கட்ட மாட்டீர்கள். கழற்றிய கம்பியை வளையமாகச் சுருட்டி, கம்பத்து ஆணியில் மாட்டிவிடுவீர்கள். "காண்ட்ராக்டர் பொருள் சார், வீணாவக் கூடாது" என்று மேஸ்திரியிடம் சொன்னீர்களாம். அந்த வளையத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நக்கல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் வெறுமனே சிக்கனக்காரர் என்பது பின்னால்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் உங்கள் மேலதிகாரிக்கு ஒரு பக்கக் கடிதம் டைப் அடித்து அனுப்பினேன். அங்கீகரிக்கப்பட்ட தடுப்பை ஏட்டு தன்னிச்சையாக அகற்றுகிறார், பணியிடத்துக்குள் பள்ளி மாணவிகளை அனுமதிக்கிறார், விபத்து நேர்ந்தால் நிறுவனம் பொறுப்பல்ல. ஒவ்வொரு வரியும் உண்மை. மே மாதத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. பத்து நாளில் உங்களை ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் மாற்றினார்கள்.

நீங்கள் இல்லாத முதல் நாள், என் வரைபடம் ஒழுங்காக நடப்பதைப் பார்க்கலாம் என்று மூன்றேகாலுக்கே வந்து நின்றேன். மணி அடித்தது. தகரம் இறுகக் கட்டியிருந்தது. ஒரு பெண்கூடத் தெற்குக் கோடிக்குப் போகவில்லை. பக்கத்தில் இருந்த வடக்கு முனையைச் சுற்றிக்கொண்டு, தகரத்தை ஒட்டி, பஸ் ஓடும் பாதையிலேயே வரிசையாக நடந்து வந்தார்கள். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எல்லோரும் தகரத்தோடு ஒட்டிக்கொண்டார்கள். பஸ் போன பிறகு ஒரு பெண் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். தகரத்தின் விளிம்பு முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிழித்திருந்தது. அவள் அழவில்லை. "தாவணி போச்சுடி, எங்கம்மா கொல்லும்" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம்.

நான் ஓடிப்போய் வெறும் கையால் கம்பியை அவிழ்த்தேன். குறடு கேட்கக்கூடத் தோன்றவில்லை. விரலெல்லாம் துரு, கொஞ்சம் ரத்தம். தகரத்தைச் சாய்த்துவிட்டு நடுச் சாலையில் நின்று கையைக் காட்டினேன். ஒரு வண்டியும் நிற்கவில்லை. ஓர் ஆட்டோக்காரர் என் முழங்காலை உரசாத குறையாகத் திருப்பிக்கொண்டு கத்தினார்: "யோவ், இன்னா, வூட்ல சொல்ட்டு வன்ட்டியா?"

மறுநாள் ஈக்காட்டுத்தாங்கலில் பட்டறைகளுக்கு நடுவே உங்களைத் தேடிப் பிடித்தேன். நீங்கள் என்னைப் பார்த்ததும் சிரித்தீர்கள். நடந்ததைச் சொன்னேன். கடிதத்தைப் பற்றிச் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

"கையிக்கு ஒர்த்தனும் நிக்க மாட்டான் சார். பஸ் டிரைவர் கண்ண பாருங்க. அவன் உங்கள பாத்துட்டான்னா நின்னுடுவான். பஸ்ஸு நின்னா அது பின்னால அல்லாம் நிக்கும்" என்றீர்கள். பிறகு, "அந்தப் பொண்ணுக்கு எத்தினி தையல்?" என்று கேட்டீர்கள். எனக்குத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

புதுத் திட்டம் கையெழுத்தாகும் வரை, உங்கள் காலை டியூட்டி முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு சைக்கிளில் அங்கே வந்து நின்றீர்கள். சீருடை இல்லாமலும் பஸ்கள் உங்களுக்கு நின்றன. நான் பள்ளி நாளில் மறுபடி எண்ணவைத்தேன். முதல் கணக்கு விடுமுறையில் எடுத்தது, பிழை என்னுடையது என்று எழுதிக் கொடுத்தேன். பள்ளிக்கு நேராகக் கைப்பிடி வைத்த மரப்பாலம், இரண்டு பக்கமும் கொடி பிடிக்கும் ஆள், மூன்றரை முதல் நாலே கால் வரை லாரி உள்ளே அசையக் கூடாது. நீங்கள் செய்துகொண்டிருந்ததைத்தான் மூன்று வண்ண மையில் வரைந்தேன். அந்த வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் உங்களைப் பற்றிய புகாரைத் திரும்பப் பெற்று ஒரு வரி எழுதவில்லை. மாற்றல்தானே, முடிந்துபோன விஷயம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் உங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து எவ்வளவு டீ குடித்திருப்போம். 'சார்' போய் 'நைனா' வந்தது. ஒருநாள் டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னீர்கள்: "எஸ்.ஐ. லிஸ்ட்ல இந்த வாட்டியும் பேரு வர்ல நைனா. பழைய மெமோ ஒண்ணு கீது, அதான்." நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன். நன்றாக ஆறிய பிறகும் ஆற்றினேன். நீங்கள் பேச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டீர்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உங்கள் மனைவி பென்ஷனுக்காகப் பழைய பைல்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒரு பழுப்புக் கவரை என்னிடம் நீட்டினார்.

"இதுல உங்க பேரு கீது சார். நீங்க அவருக்கு எதுனா சர்டிபிகேட் குட்த்தீங்களா?"

மெமோவோடு என் கடிதத்தின் நகல் இணைத்திருந்தது. அடியில் என் கையெழுத்து. புகார் வந்தால் அதன் நகலைக் கொடுத்துத்தான் விளக்கம் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. மெமோவின் தேதியைப் பார்த்தேன். நான் ஈக்காட்டுத்தாங்கலில் உங்களைத் தேடி வந்ததற்கு முந்தைய வாரம். அதாவது, என்னைப் பார்த்துச் சிரித்த அன்று, சைக்கிளில் வந்து நின்ற நாட்களில், மாடிப்படியில் டீயைக் கொடுத்தபோது, எல்லாம் தெரிந்துதான் இருந்தீர்கள்.

நீங்கள் எழுதிக் கொடுத்த விளக்கத்தின் நகலும் அதில் இருந்தது. மே மாதம் எண்ணினார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள், நான் மாட்டியிருப்பேன். உங்கள் உருண்டை எழுத்தில் இவ்வளவுதான் இருந்தது: 'புகாரில் உள்ளது உண்மை. தகரத்தைக் கழற்றியது நான்தான்.'

உங்கள் மனைவியிடம் உண்மையைச் சொன்னேன். கவரை வாங்கித் திரும்பப் பைலுக்குள் வைத்தார். "டீ குட்ச்சிட்டு போங்க" என்றார். குடித்துவிட்டு வந்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னாலும் ஒரு பள்ளி இருக்கிறது, ஏட்டு. நேற்று மூன்றரைக்கு மாடியிலிருந்து பார்த்தேன். பிள்ளைகள் தகரத்தை ஒட்டி, வண்டி ஓடும் பாதையில்தான் நடந்து வருகிறார்கள். காலையிலேயே மேற்பார்வையாளரிடம் பேசினேன். "ஆபீசுல எழுதிக் குடுங்க பெரியவரே" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் வந்து பார்க்க நாலு நாள் ஆகும். அதுவரை மூன்றரை மணி தினமும் வரும்.

இப்போது மூன்றாகப் போகிறது. செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறேன். சட்டைப் பையில் குறடு இருக்கிறது; பள்ளத்தின் மேல் போட இரண்டு சாரப் பலகைகள் அங்கேயே கிடக்கின்றன. கம்பத்தில் ஆணி இருக்கிறதா என்று காலையிலேயே பார்த்து வைத்துவிட்டேன்; கம்பி வீணாகாது. என்னைப் பற்றி யாராவது கடிதம் எழுதினால், பதில் கைவசம் இருக்கிறது. புகாரில் உள்ளது உண்மை.