எருக்குழி ஓரத்து மண்

அனுப்புநர்:
கரும்பு விவசாயியின் மூத்த மகள்,
வாய்க்கால் மதகை ஒட்டிய வீடு.

பெறுநர்:
மண் பரிசோதனை அலுவலர் அவர்கள்.

பொருள்: நான் கொடுத்த மண் எங்கள் கரும்பு வயல் மண் அல்ல என்பதும், மறுபடி மண் எடுக்க வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நேரில் சொல்லத்தான் இரண்டு முறை வந்தேன். தங்கள் மேசை முன்னால் ஆட்கள் நின்றதால் பேச்சு வராமல் திரும்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வயலில் கரும்பைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை. வெட்டியதும் தோகையைக் கொளுத்திவிட்டு, அதே கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்படி மறுதாம்பு விடுவோம். மண்ணுக்குத் திரும்பிப் போவது சாம்பல் மட்டும்தான். யூரியா வருடா வருடம் கூடுகிறது, கரும்போ இளைத்துக்கொண்டே போகிறது. பாய்ச்சிய தண்ணீர் உள்ளே இறங்காமல் தேங்கி நிற்கிறது. காய்ந்தால் வெள்ளையாக உப்புப் பூக்கிறது. கொத்தினால் செங்கல் போல் பெயர்கிறது. மண்புழு ஒன்றுகூட இல்லை. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்" என்று அம்மா சொன்னால், "இன்னொரு மூட்டை போட்டா வரும்டி" என்பார் அப்பா.

3. தாங்கள் மண் கேட்டபோது, அப்பா எருக்குழி ஓரத்து மண்ணை அள்ளச் சொன்னார். "வயல் மண்ணைத்தானேப்பா கேட்டாங்க" என்றேன். "விருந்தாளி வந்தா கிழிஞ்ச பாயையா விரிப்ப?" என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அள்ளியவளும், பையைக் கட்டித் தங்களிடம் கொடுத்தவளும் நானே. அப்பா ஏமாற்றுகிறவர் அல்ல. மண் மோசம் என்று வந்தால் தன்னையே மோசம் என்பார்களோ என்று கூச்சப்பட்டார்.

4. சத்துக்குக் குறைவில்லை, கரும்பே தொடரலாம் என்று இப்போது அறிக்கை வந்திருக்கிறது. அப்பா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறைதான். பயறோ பசுந்தாள் உரச் செடியோ விதைத்து மண்ணை ஒரு போகம் ஆறவிடலாம் என்று அம்மா கெஞ்சியதும் அதோடு நின்றது. வரும் வெள்ளிக்கிழமை அப்பா புதிதாகக் கரும்புக் கரணை நடப்போகிறார். நட்டுவிட்டால் இன்னும் சில வருடங்களுக்கு அந்த மண்ணுக்கு விடுதலை இல்லை. அந்தத் தாளை அவர் யாரிடமாவது பெருமையாகக் காட்டும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

5. ஆகவே, வெள்ளிக்கிழமைக்கு முன் தங்கள் ஆளே வந்து வயலின் நடுவிலிருந்து மண் எடுக்கும்படியும், முடிவு வரும்வரை நடவேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லும்படியும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். நான் சொன்னால் கேட்கமாட்டார். தாங்கள் சொன்னால் கேட்பார். பழைய அறிக்கை தப்பானதற்கு என் பெயரையே எழுதிக்கொள்ளுங்கள். மனு கொடுத்தது யார் என்று அவர் கேட்டால் மறைக்க வேண்டாம். நான் வரப்பில்தான் நிற்பேன்.

இடம்: தங்கள் அலுவலக வாசல்
நாள்: திங்கட்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)
கரும்புக்காரர் மகள்