அச்சில் வராத வரி

செவ்வாய்க்கிழமை.

கை சும்மா இருக்காதா மாமான்னு காலையில் கேட்டாயே மலரு, இருக்கவில்லைதான்.

கல்யாணப் பத்திரிகைக்கு நான் கம்ப்யூட்டரில் டைப் அடிப்பேன். மருமகள் மலரு கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை கொடுப்பாள், அச்சுக்குப் போகிற ஃபைல் வந்துவிடும். முதலில் சதவீதக் குறி (%) போட்ட வரி மட்டும் அச்சில் வராது. அந்த வரிகளில்தான் எனக்கு விளையாட்டு.

இன்றைய பத்திரிகையில் மாப்பிள்ளையின் அப்பன் என் பள்ளிக்கூடக் கூட்டாளி. அவன் பெயருக்குக் கீழே குறி போட்டு, ‘பரீட்சையில என்னைப் பாத்து எழுதுன பய’ என்று அடித்தேன். வரி நீண்டுவிட்டதே என்று எண்டரைத் தட்டி, ‘திருட்டுப்பய, நம்பிப் பொண்ணு குடுக்காதீங்க’ என்று முடித்தேன். இரண்டாவது வரிக்குக் குறி போடவில்லை. சாயங்காலம்தான் உறைத்தது. பிழை பார்த்துட்டேன் என்று நான் சொன்னதை நம்பி, மலரு அதை அரியலூர் அச்சகத்துக்கு அனுப்பியே விட்டாள். விடிந்ததும் அடிப்பார்கள். பெரம்பலூரிலிருந்து முதல் பஸ் ஏறினாலும் முந்த முடியாது. அச்சகத்து நம்பரும் மலருவிடம்தான் இருக்கிறது. பெண் வீட்டார் படித்தால் கல்யாணமே நின்றுபோகும்.

அவளிடம் போய் நின்றேன்.

“மலரு, அந்தப் பத்திரிகைய அடிக்க வேணாம்னு போன் போடும்மா.”

“ஏன், மாப்ள ஓடிட்டாரா? நேத்து கம்ப்யூட்டர் பொகையுதுன்னு என்னை ஓட வச்சீங்க.”

“இது வெளையாட்டு இல்லம்மா.”

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க. போய்ப் படுங்க மாமா.”

“சத்தியமாம்மா, அந்த ரெண்டாவது வரியில...”

சிரித்துக்கொண்டே மாடிப்படி ஏறிப் போய்விட்டாள்.